பாரிசில் சமகாலக் கலை மியூசியம் பார்ப்பது எப்படி: புதுச்சேரி, கடலூரிலிருந்து போகிறவர்களுக்கு

புதுச்சேரிப் பக்கத்திலிருந்து பாரிசுக்குப் போகிறவர்களில் பலர் ஓட்டலில் தங்குவதில்லை. பாரிசை ஒட்டிய சார்சேலில் அண்ணன் வீடு இருக்கும், லா கூர்நெவில் சித்தி வீடு இருக்கும். ஈஃபில் கோபுரம், லூவ்ரு, சேன் நதியில் படகு, லா ஷப்பேல் தமிழ்க் கடைகள் என்று நாட்கள் ஓடிவிடும். அதில் ஓர் அரை நாளை இன்றைய கலைக்கு ஒதுக்குங்கள். மோனலிசாவைக் கூட்டத்தின் தலைக்கு மேல் எட்டிப் பார்ப்பதைவிட, ஆளில்லாத கூடத்தில் ஒரே ஒரு படைப்பின் முன்னால் கால்மணி நேரம் உட்கார்ந்திருப்பது நிறையத் தரும். ஆனால் தயாரிப்பு இல்லாமல் போனால் மூடிய கதவு, தீர்ந்துபோன டிக்கெட், கால்வலி, “இதில் என்ன இருக்கிறது” என்ற சலிப்பு என்று நாள் வீணாகும்.

முதலில் ஒரு எச்சரிக்கை. வெளியே குழாய்களும் கண்ணாடிச் சுரங்கப் படிக்கட்டுமாக நிற்கும் பொம்பிது மையம்தான் எல்லோருக்கும் தெரிந்த பெயர். ரென்சோ பியானோவும் ரிச்சர்ட் ராஜர்சும் வடிவமைத்து 1977-இல் திறந்த அந்தக் கட்டடத்தைப் பெரும் பழுதுபார்ப்புக்காக 2025 செப்டம்பரில் முழுதாக மூடிவிட்டார்கள். 2030-இல் திறப்பதாகத் திட்டம். பழைய பயணக் குறிப்பை நம்பி அங்கே போய் நிற்காதீர்கள். 2023-இல் இந்திய ஓவியர் எஸ். எச். ரஸாவின் ஓவியங்களை மூன்று மாதம் வைத்திருந்த இடம் அது. இப்போதைக்கு வேறு இடம்தான் பார்க்க வேண்டும்.

எங்கே போவது

முதல்முறை போகிறவர்களுக்கு எங்கள் பரிந்துரை பாரிஸ் நகராட்சியின் நவீனக் கலை மியூசியம். காரணம் எளிது: அதன் நிரந்தரச் சேகரிப்பைப் பார்க்கக் கட்டணமே கிடையாது. பிடிக்கவில்லையென்றால் அரைமணியில் மனக்குறை இல்லாமல் வெளியே வந்துவிடலாம். பிடித்துவிட்டால் பக்கத்துக் கதவுதான் இன்றைய கலைக்கான பலே த தோக்கியோ. இரண்டும் 1937 உலகக் கண்காட்சிக்காகக் கட்டிய ஒரே கட்டடத்தின் இரண்டு சிறகுகள். லா கூர்நெவிலிருந்து 7-ஆம் எண் மெத்ரோவில் ஏறி, ஷோசே தாந்தேன் லா ஃபயேத் நிலையத்தில் 9-ஆம் எண்ணுக்கு மாறினால் இயெனா அல்லது அல்மா மார்சோவில் இறங்கலாம். இரண்டிலிருந்தும் சில நிமிட நடைதான்.

கிழமையில்தான் பலரும் தவறுகிறார்கள். நகராட்சி மியூசியங்களுக்குத் திங்கள் விடுமுறை. லூவ்ரு, பலே த தோக்கியோ போன்றவற்றுக்குச் செவ்வாய் விடுமுறை. ஆகவே இரண்டையும் ஒரே நாளில் பார்க்கப் புதன் முதல் ஞாயிறு வரைதான் வழி. நகராட்சி மியூசியம் காலை 10 மணிக்கே திறந்துவிடும். பலே த தோக்கியோவை நண்பகல் 12 மணிக்குத்தான் திறப்பார்கள். அதனால் காலையில் முன்னது, சாப்பாட்டுக்குப் பிறகு பின்னது. புதனும் சனியும் காலையில் வாசல் சாலையிலேயே காய்கறி, மீன், பாலாடைக்கட்டிச் சந்தை கூடும். வீட்டில் சமைக்கிறவர்கள் கூட வந்தால் அந்த இரண்டு நாளில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

பலே த தோக்கியோவில் நிரந்தரச் சேகரிப்பு இல்லை. மாறி மாறி வரும் கண்காட்சிகள் மட்டும்தான். ஒன்று முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் போனால் பாதிக் கூடங்கள் மூடியிருக்கும். கண்காட்சி எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று பார்த்துவிட்டுத்தான் டிக்கெட் எடுக்க வேண்டும்.

சார்சேலில் தங்குகிறவர்களுக்கு வசதி பூர்ஸ் த கொமெர்ஸ். கார்ழ் சார்சேல் நிலையத்தில் ஆர்.இ.ஆர். டி என்ற புறநகர் ரயில் ஏறினால் மாறாமல் ஷத்தலே லே ஆல், அங்கிருந்து நடைதூரம். தானிய வியாபாரம் நடந்த பழைய வட்டக் கட்டடம் அது. ஜப்பானியக் கட்டடக் கலைஞர் தாதாவ் ஆண்டோ அதற்குள் 9 மீட்டர் உயரக் கான்கிரீட் வளையம் ஒன்றை நிறுத்தினார். 2021 மே மாதம் மியூசியமாகத் திறந்தது. தொழிலதிபர் ஃபிரான்சுவா பினோவின் சொந்தச் சேகரிப்பு. உள்ளே இருக்கும் படைப்புகள் பிடிபடாமல் போனாலும் கட்டடத்துக்காகவே போகலாம்: கண்ணாடிக் கூரை, அதன் கீழ் சுற்றிவர 1889-ஆம் ஆண்டுச் சுவரோவியம், நடுவில் பூச்சில்லாத கான்கிரீட். செவ்வாய் விடுமுறை.

கூட்டமே வேண்டாம் என்பவர்களுக்கு மக்வால் மியூசியம். பாரிசுக்குத் தெற்கே விட்ரி ஊரில் 2005-இல் திறந்தது. 1950-களுக்குப் பிறகு பிரான்சில் உருவான கலை மட்டும். 7-ஆம் எண் மெத்ரோவில் மெரி திவ்ரி பக்கம் போகும் வண்டியில் ஏறிப் போர்த் த ஷ்வாசியில் இறங்கி, 9-ஆம் எண் டிராம் பிடித்தால் மியூசியத்தின் பெயரிலேயே நிறுத்தம் இருக்கிறது. அதே 7-ஆம் எண் வில்ழுய்ஃப் பக்கமும் பிரிந்து போகும். ஏறும்போது முகப்பில் எழுதியிருப்பதைப் படியுங்கள். எதிரே சாலை வட்டத்தில் நிற்கும் வெள்ளை, நீலம், சிவப்புக் கோபுரம் ழான் துபுஃபேயின் சிற்பம். அதைப் பார்க்க டிக்கெட் வேண்டாம்.

ஜனவரி 1, மே 1, டிசம்பர் 25 மூன்று நாளும் பெரும்பாலும் எல்லாமே மூடியிருக்கும். நம் ஊர்ப் பள்ளி விடுமுறையில் மே மாதம் போகிறவர்கள் கவனிக்க: அங்கே மே மாதத்தில் அரசு விடுமுறைகள் அதிகம். வேலைநிறுத்தமும் வரும். கிளம்புகிற காலையில் மியூசியத்தின் இணையதளத்தைத் திறந்து அன்றைய அறிவிப்பைப் படித்துவிட்டுப் புறப்படுங்கள்.

டிக்கெட்: புதுச்சேரியிலேயே முடித்துவிடுங்கள்

கட்டணக் கண்காட்சிகளுக்கு நேரம் குறித்த டிக்கெட்தான் வழக்கம். பாரிசில் இறங்கியபின் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டால் சிக்கல் ஓ.டி.பி.யில் வரும். நம் வங்கி கேட்கும் ஓ.டி.பி. இந்திய எண்ணுக்குத்தான் வரும். அங்கே போய்ச் சிம் மாற்றியிருந்தால் அது உங்கள் கைக்கு வராது. அதனால் வீட்டிலிருந்தே வாங்குங்கள். அதற்கு முன் வங்கிச் செயலியில் கார்டின் வெளிநாட்டுப் பயன்பாடு திறந்திருக்கிறதா என்று பாருங்கள். 2020-க்குப் பிறகு கொடுத்த கார்டுகளில் அது மூடியபடிதான் வரும். நாமே திறந்து, உச்சவரம்பும் வைக்க வேண்டும்.

இணையதளத்தில் காட்டும் நேரம் பாரிஸ் நேரம். குளிர்காலத்தில் நம்மைவிட 4½ மணி நேரம் பின்னால், கோடையில் 3½ மணி நேரம் பின்னால். போன் நாட்காட்டி அதைத் தானாக இந்திய நேரமாக மாற்றிக் காட்டும். அதை நம்பி ஏமாறாமல் டிக்கெட்டில் அச்சான நேரத்தையே தனியாக எழுதி வையுங்கள். கியூ.ஆர். குறியீட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, கூட வருகிற இன்னொருவர் போனிலும் சேமித்துவிட்டால் நெட் கிடைக்காத அன்றைக்கும் கவலையில்லை. தேடும்போது முதலில் வருவதெல்லாம் மியூசியத்தின் சொந்தத் தளம் அல்ல. கூடுதல் விலை வைத்து விற்கும் இடைத்தரகர்கள் மேலே வந்து நிற்பார்கள்.

18 வயதுக்குக் கீழ் என்றால் பல இடங்களில் இலவசம், எந்த நாட்டுப் பிள்ளையாக இருந்தாலும். 18 முதல் 25 வரை உள்ளவர்களுக்கு, லூவ்ரு, ஓர்சே போன்ற தேசிய மியூசியங்களில் ஐரோப்பிய ஒன்றியக் குடியுரிமையோ வசிப்பிடமோ இருந்தால் இலவசம். புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் பலவற்றுக்கு இது தெரிவதில்லை. இலவசம் என்றாலும் நேரச் சீட்டுப் பதிவு செய்யச் சொல்வார்கள், வாசலில் அடையாள அட்டையும் கேட்பார்கள்.

கண்ணுக்குப் பயிற்சி

இதைச் செய்யாமல் போகிறவர்கள்தான் அங்கே அதிகம் சலிக்கிறார்கள். பொருள்களை ஓர் இடம் முழுக்க அமைத்துக் காட்டும் இன்ஸ்டலேஷன் ஒன்றைக்கூட வாழ்நாளில் பார்க்காமல் நேரே பலே த தோக்கியோவில் நுழைந்தால் கண் எதைப் பிடித்துக்கொள்ளும்? கிளம்புவதற்கு முந்தைய மாதம் உள்ளூரில் இரண்டு மூன்று கண்காட்சி பாருங்கள். துய்மா வீதியில் அலியான்ஸ் ஃபிரான்சேசின் மேசோன் கொலம்பானியில் அவ்வப்போது கண்காட்சி நடக்கும். அரியாங்குப்பம் பாரதியார் பல்கலைக்கூடத்து மாணவர் படைப்புகள் காட்சிக்கு வந்தால் விடாதீர்கள். செய்தவரிடமே பேச முடியும். ஆரோவில்லில் ஏதாவது ஒன்று எப்போதும் நடந்துகொண்டிருக்கும். கடலூர்க்காரர்களுக்கும் புதுச்சேரி ஒரு மணி நேரப் பேருந்துதான். சென்னை விமான நிலையத்துக்கு ஈ.சி.ஆர். வழியாகப் போகிறவர்கள் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தில் ஒரு மணி நேரம் நிறுத்தலாம். ஓவியர் கே. சி. எஸ். பணிக்கர் தலைமையில் 1966-இல் தொடங்கியது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான விஸ்வநாதன் பிறகு பாரிசுக்கே குடிபோனார்.

பை, உடை, வயிறு

வாசலில் பையைத் திறந்து காட்டச் சொல்வார்கள். விமானத்தில் கையோடு கொண்டுபோகும் சக்கரப் பெட்டியோடு மியூசியத்துக்குப் போகாதீர்கள். பல இடங்களில் உள்ளே விடமாட்டார்கள், வைத்துக்கொள்ளவும் மாட்டார்கள். சின்னத் தோள்பை போதும். முதுகுப் பை இருந்தால் முன்பக்கம் மாட்டச் சொல்வார்கள் அல்லது வெஸ்தியேர் என்ற பொருள் வைப்பறையில் கொடுக்கச் சொல்வார்கள். திரும்பும்போது பை சிலையில் இடிக்கிறது என்பதுதான் காரணம். குளிர்காலக் கோட்டையும் அங்கேயே கொடுத்துவிடுங்கள். உள்ளே நல்ல கதகதப்பு; கனமான கோட்டைக் கையில் தூக்கிக்கொண்டு ஒன்றரை மணி நேரம் நடப்பதே பாதி அலுப்புக்குக் காரணம். பணம், பாஸ்போர்ட் நகல், போன் மட்டும் உங்களிடம் இருக்கட்டும்.

புடவை தாராளமாகக் கட்டலாம். ஆனால் கொசுவத்தை நகரும் படிக்கட்டில் தூக்கிப் பிடியுங்கள். தரையிலேயே விரித்து வைத்த படைப்புகளின் பக்கம் முந்தானையை இடுப்பில் செருகிவிடுங்கள். நீண்ட துணி நுனி பட்டு மணல் கலைந்தால்கூடச் சேதம்தான்.

கூடத்தில் சாப்பாடு கூடாது. மூடிய தண்ணீர் பாட்டில் பையில் இருந்தால் பொதுவாகக் கேட்கமாட்டார்கள். அண்ணி கட்டிக்கொடுத்த புளிசாதத்தை இரண்டு மியூசியங்களுக்கும் நடுவே உள்ள திறந்த முற்றத்தில், எதிரே ஈஃபில் கோபுரத்தைப் பார்த்தபடி சாப்பிடலாம். உள்ளே நுழைந்ததும் கழிப்பறை எங்கே என்று பார்த்துவிடுங்கள். பெரிய மியூசியங்களில் அது பெரும்பாலும் வாசல் தளத்திலோ கீழ்த்தளத்திலோதான் இருக்கும். பாதியில் இறங்கி ஏற வேண்டியிருக்கும்.

உள்ளே: ஒன்றரை மணி நேரம், மூன்று படைப்பு

எல்லாவற்றையும் பார்க்க முயலாதீர்கள். முதல் 20 நிமிடம் எதற்கும் நிற்காமல், எதையும் படிக்காமல் கூடங்களை ஒரு சுற்றுச் சுற்றுங்கள். எது உங்களை இழுக்கிறது, எது எரிச்சல் மூட்டுகிறது என்று மட்டும் மனதில் வையுங்கள். பிறகு இழுத்ததில் இரண்டும் எரிச்சலூட்டியதில் ஒன்றுமாக மூன்றுக்குத் திரும்பி வாருங்கள். ஒவ்வொன்றுக்கும் பத்து முதல் பதினைந்து நிமிடம்.

அந்தப் பத்து நிமிடத்தில் என்ன செய்வது? “இதற்கு என்ன அர்த்தம்” என்று தொடங்கினால் முட்டி நிற்கும். “இது எதனால் ஆனது, எப்படிச் செய்திருப்பார்கள், ஏன் இந்த உயரத்தில், ஏன் இந்த அளவில்” என்று தொடங்குங்கள். எவர்சில்வர் பாத்திரங்களை அடுக்கிப் பிரமாண்டமான மண்டையோடு செய்தார் இந்தியக் கலைஞர் சுபோத் குப்தா; 2006-இல் பாரிசின் சேன் பெர்னார் தேவாலயத்தில் அதை வைத்தார்கள். பாரிஸ்காரர் அதில் பளபளப்பை முதலில் பார்ப்பார். நமக்கு அது சீர்வரிசைப் பாத்திரம், பள்ளிக்கூடத்து டிபன் டப்பா. பொருளிலிருந்து தொடங்கினால் நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் அறிவு வேலை செய்ய ஆரம்பிக்கும்.

பிறகுதான் விளக்கச் சீட்டு. அதில் ஒரு வரிசை உண்டு: கலைஞர் பெயர், பிறந்த ஆண்டும் ஊரும், தலைப்பு, ஆண்டு, பொருள், அளவு, மியூசியத்துக்கு எப்படி வந்தது. அளவில் முதல் எண் உயரம், அடுத்தது அகலம், மூன்றாவது இருந்தால் ஆழம், எல்லாம் சென்டிமீட்டரில். பிரெஞ்சு தெரியாதவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை கொஞ்சம்தான்: உய்ல் சூர் துவால் (huile sur toile) என்றால் துணித்திரையில் எண்ணெய் வண்ணம், தெக்னீக் மிக்ஸ்த் (technique mixte) என்றால் பல பொருள் கலந்தது, சான் தீத்ர் (sans titre) என்றால் தலைப்பில்லை, ந பா தூஷே (ne pas toucher) என்றால் தொடாதீர்கள்.

நகராட்சி மியூசியத்தில் தவறவிடக் கூடாதது பிரெஞ்சு ஓவியர் ரவூல் துய்ஃபியின் ‘மின்சார தேவதை’. 1937 கண்காட்சியின் மின்சார மண்டபத்துக்காக வரைந்தது. 10 மீட்டர் உயரம், 60 மீட்டர் நீளம், 250 ஒட்டுப்பலகைகள். ஒரு கூடத்தின் சுவரே அதுதான். நாம் பழக்கத்தில் இடமிருந்து பார்க்கத் தொடங்குவோம், கதை புரியாது. அது வலமிருந்து இடமாக ஓடுகிறது: மின்சாரத்தின் வரலாறு, நடுவில் மின்நிலையமும் கிரேக்கத் தேவர்களும், இடது கோடியில் ஒளியோடு பறக்கும் தேவதை. கீழ்வரிசையில் 110 அறிவியலாளர்கள், பெயரோடு. முதலில் கூடத்தின் நடுவில் நின்று முழுதாகப் பாருங்கள். பிறகு வலது கோடிக்குப் போய்ச் சுவரோரமாக நடங்கள். பலகை பலகையாகச் சேர்ந்த விளிம்புகள் தெரியும். கோடு ஒரு வழி போக, நிறம் அதைத் தாண்டி வழிந்து வேறு வழி போவதும் தெரியும். அந்தத் துள்ளல்தான் துய்ஃபி. பிள்ளைகளிடம் “எடிசனைக் கண்டுபிடி” என்று சொல்லிவிட்டால் அரைமணி நேரம் தொந்தரவே இல்லை.

பலே த தோக்கியோவில் கூடங்களில் மெதியாத்தர் என்ற இளைஞர்கள் நிற்பார்கள். காவலர்கள் அல்ல, படைப்பைப் பற்றிப் பேசவே அவர்களை வைத்திருக்கிறார்கள், தனிக் கட்டணம் கிடையாது. “பொன்ழூர்” சொல்லிவிட்டுத்தான் கேள்வி கேட்க வேண்டும். பொன்ழூர் இல்லாமல் நேரே கேட்டால் முகம் மாறிவிடும். அது அந்த ஊர் மரியாதை. ஆங்கிலத்திலும் பேசுவார்கள். “இதை எப்படி இங்கே கொண்டுவந்து பொருத்தினார்கள்?” என்று கேட்டுப் பாருங்கள், உற்சாகமாகச் சொல்வார்கள்.

வீடியோ படைப்பு என்றால் முதலில் நீளத்தைப் பாருங்கள். கிறிஸ்டியன் மார்க்ளேயின் ‘தி கிளாக்’ 24 மணி நேரம் ஓடுகிறது. 4 நிமிடத்தில் முடிவதும் உண்டு. பெரும்பாலும் சுற்றிச் சுற்றி ஓடுவதால் நடுவில் நுழையலாம். 15 நிமிடத்துக்கு உட்பட்டதை முழுதாகப் பாருங்கள். அதற்கு மேல் என்றால் 5 நிமிடம் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்.

எங்கே தவறு நடக்கிறது

எது படைப்பு, எது சாமான் என்று தெரியாத குழப்பம் உண்மையானது. 2011-இல் ஜெர்மனியின் டோர்ட்மண்ட் மியூசியத்தில் மார்ட்டின் கிப்பன்பெர்கர் படைப்பின் ரப்பர் தொட்டியில் பூசியிருந்த வெண்மையைக் கறை என்று நினைத்துத் துப்புரவுப் பணியாளர் தேய்த்தெடுத்துவிட்டார். ஆகவே நாற்காலி போல இருப்பதில் உட்காரும் முன், மேசை போல இருப்பதில் பை வைக்கும் முன், பக்கத்துச் சுவரில் சீட்டு இருக்கிறதா என்று பாருங்கள். தரையில் கோடோ கயிறோ இருந்தால் கையை நீட்டினாலே மணி அடிக்கும். தொடச் சொல்லும் படைப்புகளும் உண்டு: பெலிக்ஸ் கொன்சாலஸ் தோரெஸ் மிட்டாய்களைக் குவித்து வைத்தார், பார்வையாளர் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அனுமதியைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.

பெரியவர்களோடு போகிறவர்கள் இருட்டறையில் கவனம். போர்ச்சுகலின் போர்த்தோ நகரில் 2018-இல் அனிஷ் கபூரின் ‘டிசென்ட் இன்டு லிம்போ’ என்ற படைப்பில், தரையில் வரைந்த கறுப்பு வட்டம் என்று தோன்றிய சுமார் 2½ மீட்டர் ஆழக் குழியில் ஒருவர் விழுந்து அடிபட்டார். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குள் போனதும் வாசலிலேயே ஒரு நிமிடம் நில்லுங்கள், கண் பழகட்டும். அப்பா அம்மாவைக் கைபிடித்துக் கூட்டிப் போங்கள். பல மியூசியங்களில் மடக்கு நாற்காலி, சக்கர நாற்காலி இரவலாகக் கிடைக்கும். அடையாள அட்டையைப் பிணையாகக் கேட்கலாம். வலிப்பு உள்ளவர்கள் மின்னும் விளக்கு பற்றிய எச்சரிக்கையை வாசலில் படிக்க வேண்டும். உடல், வன்முறை பற்றிய படைப்புகளுக்கும் அறிவிப்பு இருக்கும். பிள்ளைகளை உள்ளே விடும் முன் ஒருவர் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

படம் எடுக்கலாம், ஃபிளாஷும் செல்ஃபி குச்சியும் கூடாது. கேமராவைக் குறுக்கே அடித்த குறி இருந்தால் அந்தப் படைப்பை மட்டும் எடுக்காதீர்கள். எடுக்கும்போது படைப்பு ஒன்று, சீட்டு ஒன்று என்று அடுத்தடுத்து எடுங்கள். ஊர் திரும்பியபின் பெயர் தேடித் தவிக்க வேண்டாம். வரைகிற பழக்கம் உள்ள பிள்ளைகளுக்குப் பென்சிலும் சின்ன நோட்டும் கொடுங்கள். பேனாவுக்குப் பல இடங்களில் அனுமதி இல்லை.

வெளியே வரும் வழி பெரும்பாலும் கடை வழியாகத்தான். கண்காட்சிப் புத்தகம் அழகாக இருக்கும், ஆனால் இரண்டு மூன்று கிலோ எடை. திரும்பும் பெட்டியில் ஊறுகாய் போய்ச் சாக்லேட் ஏறியிருக்கும் என்பதை நினைத்து வாங்குங்கள். போஸ்டர் வாங்கினால் அட்டைக் குழாயும் சேர்த்து வாங்கி, விமானத்தில் கையில் எடுத்துப்போக முடியுமா என்று விமான நிறுவனத்திடம் கேட்டுவிடுங்கள். பெட்டிக்குள் மடித்தால் மடிப்பு போகாது. பிடித்த படைப்பின் தபால் அட்டை கிடைத்தால் வாங்கி, பின்பக்கம் அன்றைய தேதியையும் கூடத்தின் எண்ணையும் எழுதி வையுங்கள்.